பன்னிரண்டு பேர் கூடுதல்

உலகத்தில் கேட்டதைக் கொடுக்கிறவர்கள் உண்டு. கேட்டும் கொடுக்காதவர்கள்தான் அதிகம். கேட்காததைக் கொடுத்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்ற மனிதர், எனக்குத் தெரிந்து, பூமியில் ஒருவர்தான். அவர் புதுச்சேரியில், உப்பளம் பகுதியில், ஒரு பிரவுசிங் சென்டரில், மூன்றாம் நம்பர் தடுப்புக்குள் உட்கார்ந்திருந்தார்.

ஊர் அவருக்கு வைத்த பெயர் கொசுறு அண்ணன். சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்காமலே எல்லாவற்றையும் கொடுத்தவர், அதை மட்டும் கொடுக்கவில்லை.

பெரிய மார்க்கெட்டில் அவர்கள் வீட்டுக்குக் காய்கறிக் கடை. காயை நிறுத்துப் போட்ட கையோடு ஒரு கொத்து கறிவேப்பிலை, இரண்டு பச்சை மிளகாய் என்று கொசுறு போட்டுப் பழகியவர். பிறகு கடை தம்பிக்குப் போனது. பழக்கம் அண்ணனோடு வந்துவிட்டது. யாராவது ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டால் அதைச் சொல்லிவிட்டு, "அப்டியே பஸ் ஸ்டாண்டுக்கும் தெரிஞ்சி வெச்சிக்க" என்று இன்னொரு வழியும் சொல்லித்தான் அனுப்புவார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்களில் பாதிப் பேர் பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள்.

அப்போது இண்டர்நெட்டில் வேலைகளை ஏலம் விடும் தளங்கள் புதிதாக வந்திருந்தன. எங்கோ ஒருவர் வேலையைப் போடுவார். உலகமே விலை சொல்லும். பெரும்பாலும் குறைவாகச் சொன்னவருக்கு வேலை. முடித்தால் ஐந்துக்கு இத்தனை என்று நட்சத்திரம் போடுவார்கள். நட்சத்திரம் இல்லாதவனுக்கு வேலை கிடைக்காது; வேலை கிடைக்காதவனுக்கு நட்சத்திரம் ஏது? நான் இரண்டாம் நம்பர் தடுப்பில் உட்கார்ந்து, பட்டப்படிப்பையும் வைத்துக்கொண்டு, ஐந்து மாதமாக விலை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் விலையைக் குறைக்கவே மாட்டார். "வெலைய கொறைச்சா, சரக்கு வாடிப்போச்சுன்னு நெனைப்பான்பா. மேல ஒண்ணு போட்டுக் குடு, மறுபடி வருவான்" என்பார். ஒரு பிரெஞ்சு அம்மாள் ஆறு கேக் குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னார். அண்ணனுக்கு இரண்டு மொழியும் ஒருமாதிரி வரும். ஆறையும் முடித்து, ஏழாவதாக வஞ்சிரமீன் குழம்பைச் சேர்த்து அனுப்பிவிட்டார். இதை ஓவனில் எத்தனை நிமிடம் வைக்க வேண்டும் என்று கேட்டு அந்த அம்மாள் எழுதியிருந்தார். அண்ணனுக்கு மூன்று நாள் பெருமை தாங்கவில்லை.

இங்கே என் கதைக்கு வருகிறேன். தவளக்குப்பத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த ஆரோக்கியசாமியின் மகள் ஸ்டெல்லாவை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அவளுக்கும் பிடித்திருந்தது என்று அவள் தங்கை சொன்னாள். ஆரோக்கியசாமிக்குத்தான் பிடிக்கவில்லை.

"தம்பி இன்னா வேல செய்யறாரு?"

"இண்டர்நெட்டுல ஏலம் எடுக்கறேங்க."

"எடுத்து?"

நட்சத்திரக் கதையைச் சொல்லிப் பார்த்தேன். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் ஆரம்பிப்பதற்குள் ஒரு வேலையைக் கண்ணில் காட்டு, இல்லாவிட்டால் வேறு இடம் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

அழாத குறையாக விலை சொல்லி, முதல் வேலையைப் பிடித்தேன். அமெரிக்காவில் குதிரைச் சேணம் விற்கும் ஒரு கம்பெனி. குதிரை வைத்திருப்பவர்களின் ஆயிரம் அட்டைகளை ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார்கள். பெயர், விலாசம், குதிரையின் பெயர், குதிரையின் வயது எல்லாவற்றையும் வரிசையாக டைப் செய்ய வேண்டும். நாள் குறைவு என்பதால், பாதியை அண்ணனிடம் கொடுத்தேன். புத்தியுள்ளவன் செய்கிற காரியமா அது? அனுப்பும்போது எண்ணிப் பார்க்கவும் இல்லை.

ஒரு மாதம் கழித்து நட்சத்திரம் வந்தது. ஐந்துக்கு இரண்டு. பக்கத்தில் ஒரு குறிப்பு: "வேலை சுத்தம். பன்னிரண்டு பேர் கூடுதல். எல்லோருக்கும் விலைப்பட்டியல் அனுப்பிவிட்டோம். புதுச்சேரியில் உண்மையில் இத்தனை குதிரைகளா?"

மூன்றாம் நம்பர் தடுப்பை எட்டிப் பார்த்தேன்.

"அண்ணே, இன்னா பண்ணீங்க?"

"ஐநூறு குடுத்த. ஐநூறா குடுத்தா நல்லாவா இருக்கும்? நம்ம ஆளுங்க பன்னெண்டு பேரைப் போட்டேன். பூக்காரம்மா, டெய்லரு, ஒங்க மாமனாரு…"

"அவரு இன்னும் மாமனாரே ஆவலண்ணே! அவருகிட்ட ஏது குதிரை?"

"இல்லதான். குதிரை பேருன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. காலியா வுட மனசு வரல. வூட்ல இருக்கற புள்ள பேரையும் வயசையும் போட்டுட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "நீங்க குடுத்த கொசுறுல என் வாழ்க்கையே போச்சு!" என்று கத்தினேன். பிரவுசிங் சென்டரே திரும்பிப் பார்த்தது. அண்ணன் எழுந்து வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து என் கீபோர்டு மேல் வைத்தார். கொஞ்ச நேரம் யோசித்து, இன்னொன்றையும் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு ஆரோக்கியசாமி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். சம்பந்தம் வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லப் போகிறார் என்று நினைத்துக்கொண்டே தவளக்குப்பம் போனேன். வீட்டில் மொத்தக் குடும்பமும் உட்கார்ந்திருந்தது. நடுவில், ஸ்டூல் மேல், வழவழப்பான அந்த விலைப்பட்டியலும் அதோடு வந்த கடிதமும்.

"தம்பி, அமெரிக்கால இருந்து வந்திருக்கு. என் பேருக்கு முன்னாடி, பிரெஞ்சு தொரைங்களுக்குப் போடற மாதிரி முசியேன்னு போட்டிருக்கான் பாரு! இந்த ஊர்ல ஒருத்தன் என்னை முசியேன்னு கூப்ட்டதில்ல. கீழ ஸ்டெல்லா பேரு வேற இருக்கு. அதுவரைக்கும் படிச்சிட்டேன். மிச்சத்தை நீ படி."

முசியே போட்டது யார் கைவேலை என்று எனக்குத் தெரியும். கடிதத்தைக் கையில் எடுத்தேன். ஆங்கிலத்தில் இருந்ததை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை.

"அன்புள்ள முசியே ஆரோக்கியசாமி, ஸ்டெல்லா நலமா?"

"நலம், நலம்" என்றார் ஆரோக்கியசாமி.

"அவளுக்கு இருபத்துமூணு வயசு ஆவுது. இந்த வயசுல அவமேல பாரம் ஏத்தக்கூடாது. வேலைவெட்டி அதிகம் குடுக்காம, அன்பா வெச்சிக்கணும்."

ஸ்டெல்லாவின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கேட்டுக்குங்க. தெனம் நாலு கொடம் தண்ணி தூக்குறா எம் பொண்ணு."

"அப்புறம்?" என்றார் ஆரோக்கியசாமி.

அப்புறம் சேணம்தான். "அப்புறம் ஏதோ சாமான் விக்கறாங்க" என்று கடிதத்தை மடித்துவிட்டேன். கதவோரம் நின்ற ஸ்டெல்லா, விலைப்பட்டியலின் அட்டையில் இருந்த குதிரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

"எடுத்து இன்னா பண்ணுவன்னு கேட்டேன். அங்கேர்ந்து எம் பொண்ணை விசாரிக்கற அளவுக்குப் பழக்கம் வெச்சிருக்க" என்றார் ஆரோக்கியசாமி. தவக்காலத்துக்கு முன்பே கல்யாணம் நிச்சயமானது.

நேராக உப்பளத்துக்கு ஓடி அண்ணனைக் கட்டிக்கொண்டேன். "மன்னிச்சிருங்கண்ணே" என்றேன். "எதுக்குப்பா?" என்றார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

கல்யாணப் பத்திரிகைகளுக்கு விலாசம் எழுதும் வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். பந்தியில் பன்னிரண்டு பேரை எனக்கும் தெரியவில்லை, பெண் வீட்டாருக்கும் தெரியவில்லை. அத்தனை பேரும் வாயார வாழ்த்திவிட்டு, இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

இரண்டு நட்சத்திரத்தோடு தட்டுத் தடுமாறி அடுத்த வேலை, அதற்கடுத்த வேலை என்று பிழைத்துக்கொண்டேன். முதல் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குப் பத்திரிகை அடித்தபோது, கணக்குக்கு மேல் பன்னிரண்டு அடிக்கச் சொன்னேன். கட்டோடு கொண்டுபோய் அண்ணன் கையில் கொடுத்து, பேனாவையும் மூடியைத் திறந்து கொடுத்தேன். அந்தப் பன்னிரண்டு பேர் வராத விசேஷம் எங்கள் வீட்டில் வேண்டாம் என்று ஸ்டெல்லாவும் சொல்லிவிட்டாள்.