எழுந்திருக்க மறுக்கும் உங்கள் அக்காவின் கணினி

பேரன்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவைக் கைப்பிடித்த நாள் முதல் உங்கள் நலத்தில் அக்கறை குறையாத அத்தான் எழுதுவது. இங்கே யாவரும் நலம், ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் மேசைமேல் திறந்த வாய் மூடாமல் கிடக்கிறார். உங்கள் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலையாக இருக்கும்போது நீங்கள் போனை எடுப்பதில்லை என்பது ஊரறிந்த சங்கதி. ஆகவே உங்கள் கடைக்கும் தண்ணீர் கேன் போடுகிற வண்டிக்காரர் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

அக்கா வானொலிக்கு எழுதிவரும் தொடர் நாடகத்தின் கடைசிப் பகுதி நாளை மாலை ஒலிப்பதிவாகிறது. நடிகர்கள் காத்திருக்கிறார்கள். அந்தப் பகுதி அவளுடைய மடிக்கணினிக்குள் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. அவள் எதையும் சேமித்து வைப்பவள் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். "மூடி வெச்சா பாத்திரங்களுக்கெல்லாம் கோபம் வந்துடும்" என்பாள். எழுதிய பக்கம் திறந்தபடி இருக்க, கணினியை ஹைபர்னேட் செய்துவிட்டுப் போவாள். அது பக்கத்தைத் தன் வயிற்றுக்குள் எழுதிக்கொண்டு அணையும். மறுநாள் எழுப்பினால் விட்ட வரியில் வந்து நிற்கும். இத்தனை வருஷமாக அப்படித்தான் நின்றது. நேற்றுக் காலை முந்தின பகுதியின் ஒத்திகைக்காக வெளியூர் கிளம்பியபோதும் அப்படித்தான் செய்தாள். "அது தூங்கப் போகுது, தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினாள்.

நான் தொடவில்லை. அவளைப் பேருந்து ஏற்றிவிட நானும் கிளம்பினேன், வீட்டைப் பூட்டும் முன் மெயின் சுவிட்சை இறக்கினேன், அவ்வளவுதான். முப்பது வருஷம் லிஃப்ட் பராமரிப்பில் மேற்பார்வையாளராக இருந்தவன் மெயினை இறக்காமல் எந்தக் கட்டடத்தையும் விட்டு வெளியே வரமாட்டான். கைதான் அந்த வேலையைச் செய்தது, நான் இல்லை. அந்தக் கணினிக்கு பேட்டரி செத்து ரொம்ப நாளாச்சு, வயரில்தான் உயிர் ஓடுகிறது, அது எழுதி முடிப்பதற்குள் நான் கரண்டைப் பிடுங்கிவிட்டேன் என்பது திரும்பி வந்து பொத்தானை அமுக்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது. உள்ளே காற்றாடி சுற்றுகிறது, பக்கத்தில் ஒரு விளக்கு எரிகிறது, திரை மட்டும் அமாவாசை. பொத்தானை நீளமாக அமுக்கினேன், வயரைப் பிடுங்கிச் செருகினேன், லிஃப்ட் நடுவில் நின்றால் செய்வதுபோல் ஒரு தட்டும் தட்டினேன், அது ஒரு முனகல் முனகியது, பிறகு அதுவும் இல்லை. உங்க மருமகனுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, திரையில என்ன தெரியுது?"

"நான் தெரியறேன்."

"அதைக் கேக்கலப்பா. எழுத்து ஏதாவது இருக்கா?"

"எழுத்து இல்ல. ஷேவ் பண்ணாத மூஞ்சி ஒண்ணு இருக்கு."

அவன் தலையில் அடித்துக்கொண்டது இங்கே கேட்டது. அப்புறம், வெளிச்சம் மட்டும் போயிருக்கலாம், டார்ச் அடிச்சுப் பாருங்க என்றான். நம்ம வீட்டு டார்ச்சைத் தேடினால் கிடைக்கிற வஸ்துவா அது, எதிர்வீட்டுப் பல் டாக்டரைப் போய்க் கேட்டேன், அவர் டார்ச்சைக் கொடுக்காமல் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவரே வந்துவிட்டார். "கொஞ்சம் திறங்க. இன்னும் கொஞ்சம். போதும்." எப்போதிலிருந்து இப்படி, முன்னாடி ஏதாவது சத்தம் வந்ததா, சூடா இருந்ததா என்று அடுக்கடுக்காகக் கேள்வி. எதற்கும் கடைசியில் பிடுங்கிவிடலாம் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். ஆனால் மனுஷன் கண்டுபிடித்துவிட்டார். அடியில் மங்கலாக இரண்டு வரி இருக்கிறது. முதலாவது, விட்ட இடத்திலிருந்து தொடரலாமா என்கிறது. இரண்டாவது, உள்ளே வைத்திருப்பதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா என்கிறது. பையனிடம் படித்துக் காட்டினேன்.

"ரெண்டாவதை மட்டும் அமுக்கிடாதீங்க. எல்லாம் போயிடும்."

"அப்ப மொதல்ல இருக்கறதை அமுக்கவா?"

"அது பாதியில நின்னுச்சுன்னா அதுவே அழிச்சாலும் அழிச்சுடும். மாமா வரட்டும். நீங்க கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க."

உட்கார்ந்திருந்தபோதுதான் அக்காவிடமிருந்து போன்.

"கம்ப்யூட்டர் தூங்குதா?"

"நல்லாத் தூங்குது."

"நீங்க தொடலயே?"

"அந்தப் பக்கம்கூடப் போகலம்மா."

டாக்டர் அப்போது கணினியைக் கவிழ்த்து வைத்து ஆணியைத் திருகிக்கொண்டிருந்தார். நான் கையைக் காட்டித் தடுத்தேன். அவள் நாளை மதியம் வந்து, நேராக அதைத் தூக்கிக்கொண்டு ஒலிப்பதிவுக்குப் போகிறாள். இரண்டு வருஷம் எழுதின நாடகம், மச்சான். முடிவு இல்லாமல் நின்றால் நேயர்கள் அவளை மன்னிப்பார்கள், அவள் என்னை மன்னிப்பாளா சொல்லுங்க. அதனால உங்க கடைக் கதவைச் சாத்திட்டு, கருவிப் பெட்டியோட, காலைல முதல் வண்டியைப் பிடிச்சு வந்துடுங்க. வந்த விஷயம் அக்காவுக்குத் தெரிய வேண்டாம். கேட்டா, அத்தானைப் பாக்கணும்போல இருந்துச்சுன்னு சொல்லிக்கலாம். நம்ப மாட்டா, பரவாயில்ல.

உங்கள் துணைவியாருக்கு என் அன்பும் பிள்ளைகளுக்கு என் ஆசியும். எல்லோரும் நோய்நொடியின்றி, மின்வெட்டுமின்றி நீடூழி வாழ்க.

என்றும் உங்கள்,
அத்தான்

பின்குறிப்பு: நீங்கள் வர வேண்டாம். கையெழுத்துப் போட்டு நிமிரும்போது முழங்கை எதன்மேலோ பட்டு, வெளிச்சமும் வந்து, பக்கமும் வந்து, விட்ட வரியில் சமர்த்தாக நின்றுவிட்டது. பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் முழுவதும் படித்தேன். கதாநாயகியின் கணவர், ஓய்வுபெற்றவர், சாப்பிடும்போது செய்தித்தாளை உரக்க வாசிப்பவர், லிஃப்டுக்குள் மாட்டிக்கொள்கிறார். வீட்டில் ஒரு அமைதி நிலவுகிறது. எல்லோருக்கும் அது பிடித்துப்போகிறது. மெக்கானிக்கை நாளைக்குக் கூப்பிடலாம் என்று கதாநாயகி சொல்ல, வீணை இசையோடு நாடகம் முடிகிறது. மச்சான், இது மறுபடி தூங்கி, நாளை மாலை வரைக்குமாவது எழுந்திருக்காமல் இருக்க ஏதாவது வழி உண்டா? இருந்தால் வண்டிக்காரரிடமே சொல்லியனுப்புங்கள்.