ஷார்ஜாவிலிருந்து சாமி அலமாரிக்கு

புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டவனின் வாயை மூட இதுவரை ஒரு கருவியும் வரவில்லை. வந்திருந்தால் முதல் உருப்படியை எனக்குத்தான் வாங்கி மாட்டியிருக்க வேண்டும்.

சீர்காழி பக்கத்துக் கிராமங்களுக்கு பிராட்பேண்ட் வந்த புதிது. ஷார்ஜாவில் ஒரு சரக்குக் கம்பெனியில் கிளார்க்காக இருந்த நான், ஒரு மாத லீவில் ஊருக்கு வந்து, அதில் பத்து நாளை வீட்டுக் கம்ப்யூட்டரோடு குடும்பம் நடத்தினேன். (எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தப் பத்து நாளை என் மனைவி கலைவாணி இன்னும் மன்னிக்கவில்லை.) ஷார்ஜாவில் உட்கார்ந்தபடி அந்தக் கம்ப்யூட்டரை இயக்க வேண்டும் என்பது லட்சியம். மோடத்தில் அதற்கென்று ஒரு வழி திறந்தேன். பதினாறு எழுத்தில் பாஸ்வேர்டு வைத்தேன். கரண்ட் போய்த் திரும்பினால் தானாகவே ஆன் ஆகும்படி செய்தேன். அங்கிருந்தே வீட்டாருக்குப் பாட்டு போட்டு அசத்துவதற்காக, சத்தம் ஊரில் வீட்டு ஸ்பீக்கரிலேயே வரும்படியும் அமைத்தேன். இத்தனை காவலுக்கும் உள்ளே இருந்த பொக்கிஷம் முப்பது சினிமாப் பாட்டு, கல்யாண போட்டோ, என் பி.காம். சர்டிபிகேட்டின் ஸ்கேன் காப்பி.

இனிமேல் நான் அங்கே உட்கார்ந்தாலும் இங்கே உட்கார்ந்த மாதிரிதான் என்று அம்மாவிடம் அறிவித்தேன். அம்மா உளுந்து புடைப்பதை நிறுத்தாமல், “அப்ப சாப்பிடவும் வந்துடு” என்றாள்.

நான் திரும்பிப் போன இரண்டாவது மாதம், கம்பெனியில் சூப்பர்வைசர் இடம் காலியானது. அந்த வேலை கிடைத்தால் கலைவாணிக்கு விசா எடுக்கலாம். மேனேஜர், சாயங்கால விமானத்தில் தலைமை அலுவலகத்துக்குப் போகிறேன், சிபாரிசு செய்யும் பெயரோடு டிகிரி சர்டிபிகேட்டும் வேண்டும் என்றார். அசல் ஊரில் இருந்தது. நான் ஒரு சிரிப்பு சிரித்து, ஐந்து நிமிடம் போதும் சார் என்றேன். மேனேஜர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு மூன்று பேர் வேடிக்கை பார்க்கவும் வந்துவிட்டார்கள்.

வீட்டுக் கம்ப்யூட்டர் கிடைக்கவில்லை. ஊருக்குப் போன் போட்டேன். அன்று ஆயுத பூஜையாம். அரிவாள், மண்வெட்டி, அப்பாவின் பத்திரக்கட்டு, என் அசல் சர்டிபிகேட் எல்லாவற்றோடும் கம்ப்யூட்டர் பெட்டியும் ஸ்பீக்கரும் ஹாலில் சாமி அலமாரிக்கு முன்னால் சந்தனம், குங்குமத்தோடு அமர்ந்திருந்தன. மறுநாள் காலை மறுபூஜை முடியாமல் எதையும் தொடக்கூடாது. டிராக்டருக்கே இன்றைக்கு லீவு, உன் டப்பாவுக்கு என்ன அவசரம் என்று அப்பா பின்னணியில் கேட்டார்.

ரகசியமாகக் கலைவாணியைப் பிடித்தேன். விசா என்றதும் அவள் குரல் இறங்கிவிட்டது.

“அத்தை வாசல்ல சுண்டல் குடுத்துக்கிட்டிருக்காங்க. பெட்டியத் தொட மாட்டேன். வயரை மட்டும் சொருகுறேன். சீக்கிரம் முடிங்க.”

எந்த வயர் எதற்கு என்று தெரியாததால் எல்லா வயரையும் சொருகிவிட்டாள். இரண்டு நிமிடத்தில் என் வீட்டுத் திரை ஷார்ஜாவில் விரிந்தது. மூளை உள்ளவன் உடனே சர்டிபிகேட்டை அனுப்பியிருப்பான். மேனேஜர், இது நிஜமாகவே உங்கள் ஊர்தானா என்று கேட்டார். கேட்டால் சும்மா இருக்க முடியுமா? கல்யாண போட்டோவைக் காட்டினேன். அவர் திருப்திப்பட்ட மாதிரி தெரியவில்லை. ஒரு குத்துப்பாட்டைத் தட்டினேன். சத்தமே இல்லை. (சத்தம் ஊரில்தான் வரும் என்பது, அப்படி அமைத்த மேதைக்கே மறந்துபோயிருந்தது.) சத்தத்தை முழுசாகக் கூட்டினேன். அப்போதும் இல்லை. சரி, இன்னொரு பாட்டு போடலாம் என்று கையை வைத்தபோது திரை கறுத்துவிட்டது.

சற்று நேரத்தில் போன் அடித்தது. வயரைப் பிடுங்கிப் போட்ட கையோடு அம்மா.

“பூஜையில வச்சதத் தொடக்கூடாதுன்னு தெரியாதாடா?”

“நான் எங்கம்மா தொட்டேன்? நான் ஷார்ஜாவுல இருக்கேன்.”

“அங்க உக்காந்தாலும் இங்க உக்காந்த மாதிரின்னு நீதானே சொன்ன?”

பி.காம். படிப்பில் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை.

“கால்ல என்ன போட்டிருக்க?”

“ஷூம்மா.”

“சாமிக்கு முன்னாடி ஷூவோட வந்து நின்னு பாட்டு வேற போடுற.” போனை வைத்துவிட்டாள்.

வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஒருவர், தன் சர்டிபிகேட்டை எந்தத் தொழில்நுட்பமும் இல்லாமல் ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தார். அது மேனேஜரோடு விமானம் ஏறியது. மறுநாள் மறுபூஜை முடிந்த கையோடு என் சர்டிபிகேட் வந்து சேர்ந்தது, என்னுடைய புதிய சூப்பர்வைசருக்கு வாழ்த்துச் சொல்ல நான் நின்றுகொண்டிருந்தபோது.

கலைவாணி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பாட்டு எதற்குப் போட்டீங்க என்று மட்டும் கேட்டாள். அவள் ஷார்ஜா வந்து சேர மேலும் ஒன்றரை வருடம் ஆயிற்று. அத்தனை நாளும் அந்தக் கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது.

அம்மாவோ உறவில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், கடல் தாண்டி ஷூக்காலோடு சாமி முன்னால் வந்த பிள்ளையைப் பெற்றவள் என்றே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறாள். இப்போது வீடியோ காலில் பேசும்போதெல்லாம், முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால், “காலைக் காட்டு” என்கிறாள். பக்கத்தில் கலைவாணி சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பாள். தலை நரைத்த நான் மறுபேச்சில்லாமல் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, வெறுங்காலைத் தூக்கி கேமரா முன்னால் காட்டிவிட்டுத்தான் சாப்பிட்டாயா அம்மா என்று கேட்கிறேன்.