ஒற்றை நரம்பு யாழ்

பெட்டியைத் திறந்ததும் இசைக்கூட அதிகாரிக்குக் கோபம் தலைக்கேறியது. உள்ளே வளைந்த ஒரு மரம். அதில் ஒரே ஒரு நரம்பு.

"யாழாம் யாழ்! பழம்பாட்டுல ஏழு நரம்பு. இதுல ஒண்ணே ஒண்ணு!"

"மிச்சத்தை எலி தின்னிருக்குமோ ஐயா?" என்றார் அருங்காட்சியகக் காவலாளி.

"நீ வேற எரியிற நெருப்புல எண்ணெய ஊத்தாத!"

பாட்டில் மட்டுமே இருந்த வில்யாழை, பாட்டில் சொன்னபடியே செய்து தரச் சொல்லி ஒரு தச்சரிடம் மாதக்கணக்கில் கெஞ்சியிருந்தார் அதிகாரி. இன்று இயக்குநர் வருகிறார். யாழ் இல்லையென்றால் இசைக்கூடத்தை மூடி, பக்கத்து ஆயுதக்கூடத்தோடு சேர்த்துவிடுவார்கள். ஆயுதக்கூடத்துக்கு அதிகாரி இவருடைய மச்சான். அவனுக்குக் கீழே கைகட்டி நிற்பதா?

தச்சரைப் போனில் பிடித்தார்.

"யோவ், நான் அனுப்பின பாட்டையெல்லாம் படிச்சியா, இல்லையா?"

"வரிக்கு வரி படிச்சுத்தான் சார் செஞ்சேன். ஏழு நரம்பு, அடியில தோலு..."

"அப்ப எனக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சா?"

போனைப் படாரென்று வைத்தார். ஆயுதக்கூடத்திலிருந்தும் கத்தல் கேட்டது. காலையில் அதே லாரியில் வந்த தன் பெட்டியை மச்சான் பிரித்துக்கொண்டிருந்தான். கத்துவதற்கு அவனுக்குக் காரணமா வேண்டும்?

காவலாளியை விரட்டி கித்தார் கம்பி ஆறு வாங்கிவரச் செய்தார் அதிகாரி. துளை போட்டார், மரம் கீறல் விட்டது. கீறலில் பசை தடவினார், விரல் ஒட்டிக்கொண்டது. விரலைப் பிய்த்தபோது வார்னிஷும் கூடவே வந்தது. காவலாளியின் கத்தியை வாங்கித் தன் தோல் பையையே அறுத்து அடியில் ஒட்டினார். கம்பியை முறுக்கினார். மரம் மளாரென்று முறிந்தது. ஆத்திரத்தோடு முறிந்த இடத்தில் ஒட்டுநாடாவைச் சுற்றோ சுற்றென்று சுற்றினார். பழைய பாணன் யாராவது பார்த்திருந்தால் அன்றோடு பாட்டை விட்டிருப்பான்.

"ஏழு நரம்பும் ஏறியாச்சு! எவன் கேக்கறான்னு பாக்கறேன்!"

வாசலில் இயக்குநரின் கார் வந்து நின்றது. ஆயுதக்கூடத்துப் பக்கமிருந்து காவலாளி ஓடி வந்தார்.

"ஐயா, அந்தக் கத்தியைக் குடுங்க, உங்க மச்சான் கேக்கறாரு. அவருக்கு வந்த வில்லுல எவனோ புத்திகெட்டவன் ஏழு நரம்பு கட்டி அனுப்பியிருக்கானாம். ஆறை அறுத்துட்டாரு, அடியில ஒட்டியிருக்கற தோலைத்தான் இன்னும் கிழிக்கணுமாம்."