அப்பா தேசத்துக்குக் குனிந்த வியாழக்கிழமை

ஆமாம் பெரியம்மா, அது அப்பாதான். நீங்கள் தொலைபேசியில் கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை. வழக்கப்படி முதலில் பருவத்தை விசாரிக்காமல் கடிதத்தைத் தொடங்கியதை மன்னியுங்கள். அங்கே கனசாவாவில் மழை பிடித்திருக்கும். டோக்கியோவிலும் மழை. ஜன்னலைத் திறக்க முடியவில்லை, எதிர்வீட்டார் பார்க்கிறார்கள்.

தொலைக்காட்சியில் வியாழக்கிழமை காலை நிகழ்ச்சி. அப்பா பொருளாதாரப் பேராசிரியர் என்றாலும், அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் வட்டி விகிதம், பாண்டாவின் பிரசவம், நடிகரின் மணமுறிவு எல்லாவற்றுக்கும் கருத்து சொல்வார். அன்று கவகோயே ஊரிலிருந்து, சோயாவை அரைத்து டோஃபுக் கட்டி செய்து விற்கும் கடைக்கார அம்மாள் ஒருவர் நேரலையில் பேசினார்.

"ஐயா, இந்த வருஷம் சம்பளம் ஏறும், ஜனங்க செலவு பண்ணுவாங்கன்னு வருஷா வருஷம் சொல்றீங்க. நம்பி ரெண்டாவது கடை போட்டேன். இப்ப ரெண்டு கடை டோஃபுவையும் நானே தின்னுட்டு உக்காந்திருக்கேன்."

அப்பா எழுந்தார். மேசைக்கு முன்னால் வந்தார். குனிந்தார்.

இடுப்பிலிருந்து, முழுதாக. நிமிரவே இல்லை. மூத்தவர் குனிந்திருக்க மற்றவர்கள் எப்படி நிமிர்ந்து நிற்பது? நெறியாளர் மிதானி குனிந்தார். வானிலை சொல்லும் பெண் குடையோடு குனிந்தாள். திரை முழுக்க உச்சந்தலைகள். அந்த அம்மாள் அழுதேவிட்டார். அப்பாவிடமிருந்து ஒரு முனகல் மட்டும். கடைசியில் இரண்டு பேர் தோளைப் பிடித்து அழைத்துப் போனார்கள்.

பொருளாதார நிபுணர் ஒருவர் மன்னிப்புக் கேட்டு இந்த நாடு பார்த்ததில்லை. மாலையில் அப்பாவோடு வேலை பார்க்கும் பேராசிரியர் இனுகாய் தொலைபேசியில் கத்தினார்: "என்னய்யா பண்ணித் தொலைச்ச? கணிப்பு தப்பினா காரணம் சொல்றதுதானே நம்ம தொழில்? இனிமே நாங்கள்லாம் வரிசையா நின்னு குனியணுமா?" அடுத்த மாதம் அப்பாவை எடுத்துவிடுவதாக இருந்த தொலைக்காட்சிக்காரர்கள், நாற்காலி இனி அவருக்கே என்றார்கள்.

அம்மா பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள்.

"யாரோ டோஃபு விக்கிறவளுக்கு அந்தக் குனி குனியிறாரு. எனக்கு? நீ பொறந்தப்ப கருத்தரங்குக்குப் போனவரு, தலையைக்கூடச் சாய்க்கலடி. நான் அக்கா வீட்டுக்குப் போறேன்."

அப்பா கூடத்தில் பாயில் கிடந்தார். "வாசல் வரைக்குமாவது போங்கப்பா" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அதுதான் பேரதிர்ச்சி. சோறு கொண்டுபோனால் படுத்தபடியே தின்கிறார். தவம் என்று நினைத்து நானும் பேசவில்லை.

அங்கே வந்திருக்கும் அம்மா இனி திரும்பமாட்டேன் என்கிறாளாமே. எப்படியாவது பேசி அனுப்பிவையுங்கள் பெரியம்மா. இந்த வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருக்க முடியாது.

பெரியப்பாவுக்கு என் வணக்கம். ஈரத்தில் இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
சிகுசா

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது அப்பா கூப்பிட்டார். "முதுகுல அந்த வலி மருந்துப் பட்டையை ஒட்டும்மா." ஏன் என்றேன். அந்த அம்மாளுக்குப் பதில் சொல்லத்தான் எழுந்தாராம்: கணிப்பு சரி, நாடுதான் அதன்படி நடக்கவில்லை என்று. எழுந்த வேகத்தில் பேனா மேசைக்கு முன்னால் விழுந்தது. எடுக்கக் குனிந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது.

"நான் யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கல. வெளிய சொல்லிடாத. நாற்காலி போயிடும்."

"அம்மாகிட்ட?"

"அவ வாய் நிக்காதேம்மா."

அப்பா யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, அந்த டோஃபு அம்மாளிடம்கூட. அம்மாவுக்கு இதைவிட ஆறுதல் கிடையாது. பட்டையை ஒட்டினேன். உறையின்மேல் உங்கள் பெயரை அடித்துவிட்டு அம்மாவின் பெயரை எழுதினேன்.