மாப்பிள்ளை ரூமில் தண்ணி

லாட்ஜ் ரூமுக்குள் நுழைந்த முதல் இரண்டு நிமிடத்தில் ஒருவர் எப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர் என்பது தெரிந்துவிடும். என் நண்பன் ஒருவன் டிவி ரிமோட்டைத் தேடுவான். அதில் பேட்டரி இல்லையென்றால் அவனுக்கு அந்தப் பயணமே பாழ். என் மனைவி ஜன்னலைத் திறந்து, பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்துவிட்டு மூடுவாள். நான் நேராகக் குழாய்க்குப் போவேன். இப்போதெல்லாம் என்னைப் போக விடுவதில்லை. அதற்குக் காரணம் என் கல்யாணம்.

எங்களுக்கு வேப்பந்தட்டை. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்பது தண்ணீருக்கே தெரியாது. அதனால் குழாயைத் திறந்தே விட்டு, அடியில் ஒரு பழைய அலுமினியச் சட்டியைக் கவிழ்த்து வைத்திருப்போம். தண்ணீர் வந்தால் சட்டி சத்தம் போடும். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவோம். (என் அக்கா மல்லிகா, தன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் காபித் தட்டை வைத்துவிட்டுக் குடத்தோடு ஓடியவள். அத்தானுக்கு அதுதான் பிடித்துப்போனதாம்.)

எனக்குப் பார்த்த பெண் அரியலூர். பெண்ணின் தாய்மாமனுக்கு உடையார்பாளையம். ஏரிப் பாசனத்தில் நல்ல நிலமும், அதற்கேற்ற மீசையும் வைத்திருந்தார். அவர் தலையாட்டாமல் அந்த வீட்டில் ஒன்றும் நடக்காது. நிச்சயத்தன்று சபையில் வைத்தே கேட்டுவிட்டார்.

"வேப்பந்தட்டைப் பக்கம் தண்ணிக்கு ரொம்பக் கஷ்டம்பாங்களே. எங்க பொண்ணு குடம் தூக்கிப் பழக்கமில்லாதது மாப்பிள்ளை."

"எங்க வூட்டுல குழாய் எந்நேரமும் திறந்தே இருக்கும்ங்க" என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வரவேற்பு. மண்டபத்துக்கு எதிரிலேயே ஒரு லாட்ஜில் தாய்மாமன் ரூம் போட்டிருந்தார். முதல் மாடியில் எனக்கு. எனக்கு நேர் கீழே அவருக்கு. நான்கு மணிக்கு நானும் அக்காவும் போய் இறங்கினோம்.

அக்கா ஒரு ரூமுக்குள் நுழைவதை நீங்கள் பார்க்க வேண்டும். வாசலிலேயே நின்று நான்கு மூலையையும் ஒரு பார்வை பார்ப்பாள். தாழ்ப்பாளை மூன்று தடவை போட்டுப் போட்டு எடுப்பாள். தலையணை உறையை முகர்ந்து பார்த்து, அது பாஸா ஃபெயிலா என்று சொல்வாள். அதுவரை பை தோளிலேயே இருக்கும். என்ன ஆனாலும் பையைத் தரையில் வைக்க மாட்டாள். அன்றைக்கு அந்தப் பையில் இருந்தது கூறைப்புடவையும் தாலியும்.

"கீழ வெச்சா என்னக்கா? பட்டுப்புடவை எழுந்து ஓடியா போயிடும்?"

"ஓடாதுடா. நனைஞ்சு போயிடும்."

"அரியலூர் வெயில்ல எதுலக்கா நனையும்?" என்று சிரித்தேன். படித்தவன், சென்னையில் வேலை பார்ப்பவன் என்ற திமிர். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, மேலே இருந்த சிமெண்ட் ஸ்லாபில் பையை வைத்தாள். என் புது சூட்கேஸை நான் பெருமையாகத் தரையில் விரித்து வைத்தேன்.

பிறகு குழாய்க்குப் போனேன். காற்றுதான் வந்தது. "மோட்டார் ரிப்பேர். ஆறு மணிக்குள்ள ரெடியாயிடும்ங்க" என்றார் லாட்ஜ் மேனேஜர். நான் முழுசாகத் திறந்துவிட்டேன். என் கை பாட்டுக்கு வாளியை எடுத்து அடியில் கவிழ்த்தது. கவிழ்த்த இடம் தண்ணீர் வெளியே போகிற ஓட்டை. பாட்டில் தண்ணீரில் முகம் கழுவி, கோட்டு மாட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போய்விட்டேன்.

ஏழு மணி இருக்கும். மேடையில் நானும் பெண்ணும் நிற்கிறோம். பந்தியில் நின்றிருந்த தாய்மாமனுக்கு மேனேஜரிடமிருந்து போன். பாட்டுக் கச்சேரி சத்தத்தில் அவருக்குப் பாதிதான் கேட்டிருக்கிறது.

"என்னது? மாப்பிள்ளை ரூம்ல தண்ணியா?"

அவருக்கு இயல்பிலேயே பெரிய குரல். பந்தியில் பாயசம் வருவதற்குள் சேதி மேடை வரை வந்துவிட்டது. போட்டோவுக்குச் சிரித்தபடியே பெண் கேட்டாள்.

"குடிச்சீங்களா?"

கல்யாணத்துக்கு முன்பே என்ன ஒரு அக்கறை என்று நெகிழ்ந்துபோனேன்.

"ரெண்டு தடவை ஆச்சு. இப்பவும் தொண்டை காயுது, கிடைச்சா தேவலை."

"யாரு வாங்கிக் குடுத்தா?"

"உங்க மாமாதான். கலர் கலரா வாங்கிக் குடுத்தாரு."

நான் சொன்னது கலர் சோடாவை. அவள் சிரிப்பு நின்றுபோனது. அதற்குள் தாய்மாமனே மேடையேறி வந்தார். எனக்குச் சால்வை போர்த்துகிற சாக்கில் மூக்கை என் வாய்க்கு அருகில் கொண்டுவந்தார். போர்த்தினார், எடுத்தார், மறுபடியும் போர்த்தினார். சந்தேகம் தீரவில்லை.

"மாப்பிள்ளை, கொஞ்சம் ரூம் வரைக்கும் வாங்க" என்றார். சபையே பார்த்துக்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். அக்கா மட்டும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடவே வந்தாள்.

லாட்ஜ் படியில் தண்ணீர் இறங்கி வந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்ததும் என் செருப்பு இரண்டும் மிதந்து வெளியே வந்தன. சூட்கேஸ் நிரம்பியிருந்தது. குழாய் கொட்ட, கவிழ்த்த வாளி கடமை தவறாமல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்குக் கூறைப்புடவை நினைவு வந்தது. அக்கா தண்ணீரில் நடந்துபோய் நாற்காலியில் ஏறினாள். பையை இறக்கிப் புடவையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "காஞ்சிருக்கு" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளை மாதிரி ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை என்று அன்றுதான் தெரிந்தது. 'சொன்னேனே' என்று ஒரு வார்த்தை? அன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை.

"வாளிய ஏன் கவுத்து வெச்சிருக்கு?" என்றார் தாய்மாமன்.

நான் ஏதோ பொய்யைத் தேடிக்கொண்டிருந்தேன். அக்கா மறைக்கவில்லை. "எங்க ஊர்ல அப்படித்தாங்க. சத்தம் கேட்டாதான் தண்ணி வந்தது தெரியும். தம்பி பழக்கதோஷத்துல வெச்சுட்டான்."

அவர் கீழே இறங்கித் தன் ரூமைத் திறந்தார். கூரையிலிருந்து அவர் தலையணை மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

"எந்நேரமும் திறந்தே இருக்கும்னு மாப்பிள்ளை அன்னைக்கே சொன்னாரு. நாமதான் பெருமைக்குச் சொல்றாருன்னு நெனச்சுட்டோம்" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மீசை ஆடியது. லாட்ஜ் வாசலைத் தாண்டுகிற வரை சிரிப்பு நிற்கவில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். மண்டபத்துக்குப் போய்ப் பாடகரிடம் மைக்கை வாங்கி, "மாப்பிள்ளை ரூம்ல வந்தது வெறும் குழாய்த் தண்ணிதான், யாரும் தப்பா நினைக்க வேண்டாம்" என்று அறிவித்தார். அதுவரை விஷயம் தெரியாதவர்களுக்கும் தெரிந்தது. மறுநாள் தாலி கட்டிய பிறகு எடுத்த போட்டோக்களில் எல்லாம் நான் அவருடைய சட்டையில் இருக்கிறேன். உள்ளே இன்னொருவர் நிற்கலாம்.

இன்றும் குடும்பத்தோடு எங்கே போனாலும் அக்காதான் முதலில் ரூமுக்குள் போவாள். அவள் வெளியே வந்து தலையாட்டிய பிறகே நாங்கள். ரூம் போடுவது தாய்மாமன். ரிசப்ஷனில் குனிந்து, ரகசியம் என்று அவர் நினைக்கிற குரலில் சொல்வார்.

"நம்ம மாப்பிள்ளைக்குத் தண்ணிப் பழக்கம் கொஞ்சம் உண்டு. கீழ் ரூமா பார்த்துக் குடுங்க."

ரிசப்ஷன்காரர் என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, படி ஏறவே வேண்டாத ரூமாகத் தேடிச் சாவி எடுத்துக் கொடுப்பார்.