சரியான கடவுச்சொல்லுக்குப் பதில் கிடையாது

அலுவலகங்கள் மக்களுக்காகவே இயங்குகின்றன என்பது அனைவரும் அறிந்த உண்மை. எங்கள் தெருவின் உரிம அலுவலகமும் அப்படித்தான் இயங்கி வந்தது. என் கடைக்கு நேர் எதிரே, முதல் மாடியில். நான் முடி திருத்துகிறவன். ஆளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நிமிர்ந்தால் அவர்கள் இயங்குவது எனக்குத் தெரியும். மின்விசிறிதான் அதிகம் இயங்கும்.

அந்த அலுவலகம் என் கடைக்குச் சீல் வைத்தது. காரணத்தை நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அவர்கள் எழுதியபடியே சொல்கிறேன். "ஒரு நாற்காலிக்கு மட்டும் உரிமம் பெற்றுவிட்டு, எண்ணிலடங்கா நாற்காலிகள் இட்டுத் தொழில் புரிந்தமை." என் கடையில் முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி. இரண்டும் எதிரெதிரே இருப்பதால் ஒரு நாற்காலி கண்ணுக்கெட்டிய தூரம் வரை வரிசையாகத் தெரியும். சோதனைக்கு வந்த பெரிய அதிகாரி அவற்றை விரல்விட்டு எண்ணினார். எண்ணி முடியவில்லை. முடியாததையே குற்றமாக எழுதிவிட்டார்.

நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை. அதற்கு முன்பே ஒருமுறை, என் கடை வாசலில் நின்ற என் சைக்கிளை இடையூறு என்று சொல்லிக் காற்றைப் பிடுங்க வைத்தவர் அவர். அவரும் என்னிடம்தான் முடி வெட்டிக்கொள்வார். அன்றிலிருந்து அவருடைய இடது கிருதா வலது கிருதாவைவிட ஓர் இழை மேலேதான் நிற்கிறது. பாவம், தன் கழுத்துதான் கோணல் என்று நினைத்துக்கொண்டு தலையைச் சாய்த்தே நடக்கிறார்.

மேல்முறையீடு செய்தேன். நீண்ட ஆய்வுக்குப் பிறகு, "பிம்பங்கள் நாற்காலிகள் ஆகா, அவற்றில் எவரும் அமர இயலாது" என்று மேலிடம் கண்டுபிடித்தது. சீல் அகற்றும் ஆணை கணினிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அச்செடுத்து என் கையில் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அந்தத் திங்கட்கிழமை காலையில்தான் அலுவலகக் கணினிகள் எல்லாம் புதுப்பிக்கப்பட்டன.

நான் மாடி ஏறியபோது பதிவு மேசையில் இருக்கும் பதிவு அம்மா கடவுச்சொல்லைத் தட்டிக்கொண்டிருந்தார். திரை கறுத்தது. ஒரு கணம் கழித்து மறுபடியும் பழைய இடத்துக்கே வந்து, "கடவுச்சொல்லை இடுக" என்றது. மறுபடியும் தட்டினார். மறுபடியும் கறுத்தது, மறுபடியும் வந்தது.

"தப்பா போடுறீங்களோ என்னவோ," என்றேன்.

"தப்பா போட்டா தப்புன்னு சொல்லும், பெரியவரே. இங்க பாருங்க." வேண்டுமென்றே ஏதோ தட்டினார். "கடவுச்சொல் தவறு. மீண்டும் முயல்க" என்று சிவப்பு எழுத்தில் வந்தது. "பார்த்தீங்களா? சரியா போட்டாத்தான் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. உள்ள இழுத்து வெளிய தள்ளுது."

அறை முழுக்க இதே கதை. பெரிய அதிகாரி தலையைச் சாய்த்தபடி வந்தார். ஒவ்வொரு மேசையாக நின்று பார்வையிட்டார்.

"தவறுக்குப் பதில் வருது. சரிக்குப் பதில் வரல. அப்படித்தானே?"

"ஆமா சார்."

"அப்ப கணினி வேலை செய்யுது. நாமதான் பதில் வராததைக் கேட்டுக்கிட்டு இருக்கோம்."

சிறிது நேரத்தில் சுற்றறிக்கை வந்தது. "பொதுமக்கள் பதிலின்றித் திரும்பும் அவலத்தைத் தவிர்க்கும் பொருட்டு, மறு உத்தரவு வரும்வரை அனைத்துப் பணியாளர்களும் தவறான கடவுச்சொல்லையே இட வேண்டும்." வந்தவர்களுக்கெல்லாம் பதில் கிடைத்தது. மீண்டும் முயல்க. பெரும்பாலானவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

நான் தினமும் ஏறி இறங்கினேன். என் வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக அடுத்த தெருவில் குளிர்சாதனம் வைத்தவனிடம் போய்ப் பழக ஆரம்பித்தார்கள். கத்தி, கத்தரி, சீப்பு எல்லாம் சீலுக்கு உள்ளே. என் சாவி என் பையில். சாவி பூட்டில் சரியாகத் திரும்பும்; கதவை மட்டும் திறக்கக் கூடாது.

"அந்தக் கம்ப்யூட்டர் என்ன உங்களுக்கு மருமகப்பிள்ளையா? தினம் போய் நலம் விசாரிச்சிட்டு வர்றீங்க," என்றாள் வீட்டுக்காரி.

கடைசியில் கணினிக்காரரை வரவழைத்தார்கள். கறுப்புச் சட்டை, அதன் நெஞ்சில் ஒரு பெங்குயின், மார்பு வரை தாடி, பின்னால் கட்டிய முடி. பார்த்ததும் என் கை அரித்தது. முன்பு அதிகாரிகளிடம் சொல்லி எல்லாக் கணினிகளிலும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட வைத்தவர் அவர்தானாம்; பெங்குயின் அதன் சின்னமாம். அப்போது அதுதான் நாகரிகம். பக்கத்து அலுவலகத்தில் போட்டார்கள், எனவே இங்கேயும் போட்டார்கள்.

"இது விடுதலை மென்பொருள்," என்று பெங்குயின்காரர் எனக்கு விளக்கினார். "இதுக்குள்ள என்ன இருக்குன்னு உலகத்துல யார் வேணும்னாலும் பார்க்கலாம்."

"பார்க்கலாம், சரி. உள்ள போகலாமா?"

அவர் ஏதோ மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினார். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. அதே கடவுச்சொல். "உள்ள வந்தாச்சு," என்றார்.

பெரிய அதிகாரி எட்டிப் பார்த்தார். "இதுவா உள்ள? படம் எங்க? சன்னல் எங்க?"

"இது எழுத்து வழி சார். முன்வாசல் அடைச்சிருக்கு. இப்படி வந்துதான் சரி பண்ணணும்."

"பின்வாசல் வழியா வர்ற பழக்கம் இந்த அலுவலகத்துல யாருக்கும் கிடையாது," என்றார் அதிகாரி. அறையில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் இருமல் வந்தது.

பெங்குயின்காரர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு நோயைச் சொன்னார். எல்லாக் கணினிகளும் உள்ளறையில் இருக்கும் ஒரே பெட்டியில்தான் சாமான்களை வைக்கின்றன. அந்தப் பெட்டியில் எள் விழ இடமில்லை. ஏற்கெனவே நெருக்கடி, புதுப்பிப்பு வந்து மிச்ச இடத்தையும் அடைத்துவிட்டது.

"ஒருத்தர் உள்ள வந்தா அவருக்கு மேசை விரிக்கணும். விரிக்கிறதுக்கு முன்னாடி சின்னதா ஒரு குறிப்பு எழுதணும். எழுத இடமில்ல. அதனால உள்ள விட்டு உடனே வெளிய விட்டுடுது."

"இடமில்லைன்னு சொல்லித் தொலைக்கலாமே?" என்றேன்.

"சொல்றதையும் எழுதித்தான் சொல்லணும். அதுக்கும் இடமில்ல."

பெட்டியில் என்னதான் இருக்கிறது என்று பார்த்தார்கள். முதலில் வந்தது "காகிதமில்லா அலுவலகம்" தொடக்க விழாவின் வீடியோ படம். பணியாளர் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு பிரதி.

"ஒண்ணை வச்சுக்கிட்டு மத்ததை எடுத்துடலாம் சார்," என்றார் பெங்குயின்காரர். "ஓய்வு பெற்றவங்க பெயரிலகூட இருக்கு."

"ஓய்வு பெற்றவங்களுக்கு மனசு இருக்காதா? நான் பொத்தானை அழுத்துற இடம் இருக்கு அதுல."

"சரி, பழைய புதுப்பிப்புகளை எடுத்துடலாமா?"

"அது அரசாங்கச் சொத்து. அழிக்கணும்னா மேலிடத்து அனுமதி வேணும். அனுமதி கேட்கணும்னா கணினியில விண்ணப்பிக்கணும்."

"கணினிக்குள்ளதான் போக முடியலையே சார்?"

"அதனாலதான் அழிக்கவும் முடியல. எல்லாம் விதிப்படிதான் நடக்குது."

அப்போது பதிவு அம்மா மெல்லச் சொன்னார்: "சார், தீர்வு கண்ட மனுவை மட்டும் அனுமதி இல்லாம அழிக்கலாம்னு ஒரு விதி இருக்கு. ஆனா நம்மகிட்ட தீர்வு கண்டது எதுவும் இல்ல. எல்லாம் நிலுவை."

பெரிய அதிகாரியின் முகம் மலர்ந்தது. "நிலுவையை அழிச்சா நிலுவை இருக்குமா?"

"இருக்காது சார்."

"நிலுவை இல்லைன்னா என்ன அர்த்தம்? தீர்வு கண்டாச்சுன்னு அர்த்தம். அப்ப நாம அழிக்கிறது தீர்வு கண்டதைத்தானே?"

"ஐயா, என் ஆணை அதுலதான் இருக்கு!" என்று நான் எழுந்தேன். என் குரல் அவர் காதில் விழுவதற்குள் பெங்குயின்காரர் தட்டிவிட்டார். அந்த நிமிடமே முன்வாசல் திறந்தது. எல்லாத் திரைகளிலும் பெரிய அதிகாரி பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். அனைவரும் கைதட்டினார்கள்.

"என் கடையைப் பாருங்க அம்மா," என்றேன்.

பதிவு அம்மா தேடினார். "ஆணை இல்ல பெரியவரே."

"சீல் வச்சதாவது இருக்கா?"

"அதுவும் இல்ல. கடையே இல்ல. உங்க விவரம் எல்லாம் மனுவோட கட்டியிருந்தது."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "இல்லாத கடைக்கு எப்படி ஐயா சீல் வச்சீங்க?"

பெரிய அதிகாரி யோசித்தார். "இல்லாத கடைக்குச் சீல் வைக்க விதியில் இடமில்லை. அப்படி ஒண்ணு தொங்கினா அது யாரோ விஷமி வச்சது."

"அப்ப எடுத்துடலாமா?"

"இல்லாததை எடுக்க நான் எப்படி அனுமதி தர முடியும்?"

எனக்குப் புரிந்துவிட்டது. கீழே இறங்கி, என் சாவியாலேயே அரக்கைச் சுரண்டி எறிந்தேன்.

"கடையே இல்லைன்னு சொல்லிட்டாங்களாமே?" என்றாள் வீட்டுக்காரி.

"ஆமா."

"அப்ப நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமாவே போய்த் திறங்க."

இல்லாத கடையைச் சோதிக்க எவரும் வரவில்லை. சைக்கிளை வாசலில் குறுக்காகவே நிறுத்தினேன். செய்தி தெருவில் பரவியது. தையல்காரர் வந்து விசாரித்தார். பாத்திரக் கடைக்காரர் விசாரித்தார். இல்லாமல் போவது ஊரில் நாகரிகம் ஆகிவிட்டது. "நீங்க இன்னும் இருக்கீங்களா?" என்று ஒருவர் கேட்பார். "இல்லையே, என்னைப் போன வாரமே எடுத்துட்டாங்க." "கொடுத்து வச்சவர்!" தங்களையும் பதிவிலிருந்து நீக்கி அருளுமாறு எல்லோரும் கைப்பேசியிலிருந்து மனு அனுப்பினார்கள். சான்றாகக் கடை, கதவு, தாங்கள், தங்கள் குடும்பம் என்று படங்களையும் சேர்த்து அனுப்பினார்கள்.

இந்தச் சமயத்தில் ஒரு காலை, பளபளவென்று உடுத்திய ஓர் ஆள் வந்து என் கடைச் சுவரை நாடா வைத்து அளந்தான்.

"யாருப்பா நீ?"

"இந்த இடம் காலின்னு பதிவுல காட்டுது பெரியவரே. அழகு நிலையம் வைக்கப்போறேன். பெரிய அதிகாரி என் அக்கா வீட்டுக்காரர்தான். ஒப்புதல் ஆயிடுச்சு. அச்செடுத்துக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி."

செருப்புகூடப் போடாமல் மாடி ஏறினேன். என் கடையைப் பிடுங்குகிறார்கள் என்று அங்கே யாரிடம் முறையிடுவது? இல்லாதவனுக்கு எதிராக நடந்ததை எந்த மேலிடம் விசாரிக்கும்? மூச்சிரைக்க நின்றேன். பதிவு அம்மா கடவுச்சொல்லைத் தட்டினார். திரை கறுத்தது. மறுபடியும் வந்தது. கடவுச்சொல்லை இடுக.

"மனு நிறைஞ்சு போச்சு பெரியவரே. பெட்டி மறுபடியும் அடைச்சிக்கிச்சு."

அந்தத் திரையைப் போல அழகான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை.

அன்றிலிருந்து நானும் மனு அனுப்புகிறேன். என் கடை இல்லை என்பதற்குச் சான்று வேண்டி. கூடவே இரண்டு கண்ணாடிகளும் தெரியும்படி ஒரு படம். எல்லா நாற்காலிகளும் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்று பெரிதாகவே எடுப்பேன். பெங்குயின்காரர் பாடுபட்டு ஒரு கையளவு இடம் ஒதுக்குவார். அவர்கள் நுழைவதற்குள் என் நாற்காலிகள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நேற்று பெரிய அதிகாரி முடி வெட்டிக்கொள்ள வந்தார். இல்லாத கடையில் உட்காருவதில் அவருக்கு விதிப்படி தடை ஏதும் இல்லை.

"இந்தக் கணினி எப்பத்தான் சரியாகுமோ!" என்று பெருமூச்சு விட்டார். "மச்சான் வேற தினமும் வந்து நச்சரிக்கிறான்."

"சீக்கிரம் சரியாகணும் ஐயா. ஊரே கஷ்டப்படுது," என்றேன்.

மீசையை ஒதுக்க அவருக்கு முன்னால் வந்து குனிந்தேன். அவர் துணிக்கு மேலே கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். பின்கண்ணாடியில் அந்தத் திரை எனக்குத் தெரிந்தது. நான் பள்ளிக்கூடம் அதிகம் பார்த்தவன் இல்லை. வாசலில் போகும் பேருந்துகளின் பலகையைக் கண்ணாடியில் பார்த்துத்தான் எழுத்துப் படித்தேன். இடம் வலம் மாறிய எழுத்துதான் எனக்கு இன்றும் சரளம்.

அதிகாரிக்கு மாறுதல் ஆணை வந்திருக்கிறது. எங்கோ மலைக்கு மேல். பெட்டிக்குள் இருக்கிறது; அச்செடுக்க வேண்டியதுதான் பாக்கி. அவர் அனுப்பிக்கொண்டிருந்தது மனு. கூடவே, தொடக்க விழாவின் முழுப் படம்.

நிமிர்ந்தார். அவருக்குப் பின்னால் போய் நின்ற என் கண்ணைக் கண்ணாடியில் பார்த்தார். நான் அவர் கண்ணைப் பார்த்தேன். பின்னால் எங்கள் இருவரையும் போலவே வரிசையாக எண்ணிலடங்கா ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மச்சானுக்குத் தெரிய வேண்டாம்," என்றார்.

"என்ன தெரிய வேண்டாம் ஐயா? இங்க யாருமே இல்லையே."

நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை. ஆனாலும் நேற்று மட்டும், அவருடைய இரண்டு கிருதாக்களையும் ஒரே அளவில் வெட்டி அனுப்பினேன்.