பதினொரு நாள் இருந்த துகள்

உலகத்தில் யாரும் இதுவரை காணாத ஒரு துகளை நான் கண்டுபிடித்திருக்கிறேன். பதினொரு நாள் அது என்னிடம் பத்திரமாக இருந்தது.

அப்போது மலையாள எல்லையிலுள்ள சித்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் அணு இயற்பியல் ஆராய்ச்சி மாணவி நான். அணுக்கரு சிதையும்போது, ஏட்டில் மட்டும் இருக்கும் ஒரு புதிய துகள் நிஜமாகவே வெளிவருகிறதா என்று தேடுவது வேலை. வெளிக் கதிர்வீச்சு வந்து குழப்பாமல் இருக்கக் கருவியைச் சுற்றி ஈயக் கட்டிகளை அடுக்க வேண்டும். மூன்று பக்கம் அடுக்கியதும் கட்டி தீர்ந்துவிட்டது. நான்காவது பக்கம் சுவர்தானே, அதற்கப்பால் காலி அறைதானே என்று விட்டுவிட்டேன் (புத்திசாலி!).

ஒரு மழை நாளில், நல்லேப்பிள்ளியில் நெல் போட்டிருந்த அப்பா, கிருஷிபவன் என்கிற வேளாண் அலுவலகத்தில் வாங்கிய நான்கு மூட்டைப் பொட்டாஷ் உரத்தோடு கல்லூரிக்கு வந்து நின்றார்.

"அம்மிணி, நனைஞ்சா கட்டியாப் போயிரும். எங்காச்சும் வெச்சுட்டுப் போகட்டுமா?"

"பக்கத்து ரூம்பு சும்மாத்தான் கெடக்குதுங்கப்பா."

மறுநாள் திரையில் ஒரு கோடு திமிறிக்கொண்டு எழுந்தது. என் துகள்! பொட்டாசியத்திலிருந்தும் இயற்கையாகக் கதிர் வரும், அதற்கென்று ஓர் இடம் உண்டு என்பது முதலாண்டு மாணவருக்கே தெரியும். ஆனால் மழைக்குளிரில் கருவியின் அளவு நகர்ந்து, கோடு இடம் மாறி நின்றது. சரிபார்க்க எனக்கு ஏது நேரம்? பேட்டிக்கு எந்தப் புடவை கட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் சொன்னேன். அப்பா பாடசேகர சமிதியில், அதாவது நெல் விவசாயிகள் சங்கத்தில் சொன்னார். அவர்கள் பொன்னாடையே வாங்கிவிட்டார்கள்.

பதினோராம் நாள் சாயங்காலம் பாராட்டு விழா. காலையில் என் வழிகாட்டி மேடம் (கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர்) அந்தக் கோடு எப்படி இருக்கிறதென்று நேரில் பார்க்க வந்தார். நான் பெருமையாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே கோடு குறைந்தது. சற்றுக் கழித்து இன்னும் குறைந்தது.

மேடம் சுவரைத் தட்டினார். "அந்தண்டை யாரு?"

"நாந்தானுங்க, அம்மிணியோட அப்பன். மேலுரம் போடோணும், பொட்டாஷ் எடுக்க வந்தனுங்க."

மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஒரு மூட்டையைத் திரும்ப வையுங்கோ." கோடு ஏறியது. "எடுத்துடுங்கோ." இறங்கியது. "இன்னொரு வாட்டி."

ஐம்பது கிலோவை அப்பா மறுபேச்சில்லாமல் தூக்கித் தூக்கி வைத்தார். மகள் படிப்புக்கு உதவுகிறோம் என்ற சந்தோஷம் அவருக்கு. எனக்கு அழுகை முட்டியது. மேடம் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார்.

விழாவில் உண்மையைச் சொன்னேன். சமிதிக்காரர்கள் கொஞ்ச நேரம் கலந்து பேசிவிட்டு, தப்பைக் கண்டுபிடித்தவர் என்று பொன்னாடையை அப்பாவுக்கே போர்த்தினார்கள்.

பிறகு நான்காவது பக்கமும் ஈயம் வைத்து மூன்று வருடம் தேடினேன். துகள் இல்லை. இல்லை என்று ஒழுங்காகச் சொன்னதற்கே பட்டம் கொடுத்தார்கள். அதில் எனக்கு நிறைவுதான்.

போன மாதம், நான் மாசமாக இருக்கும் செய்தியை வீட்டில் சொன்னேன். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா நிதானமாகக் கேட்டார்:

"செவுத்துக்கு அந்தப்பக்கம் பாத்துட்டியா, அம்மிணி?"